ரகசிய நம்பர் போட்டால் பணம் போகும்... வராது!

டீக்கடையில் ஒரு வடை, ஒரு டீ சாப்பிட்டுவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "காலங்கார்த்தால சில்லறைக்கு எங்க சார் போறது? ஸ்கேன் பண்ணிடுங்களேன்!"

மீதி எட்டணாவுக்கு ஆரஞ்சு மிட்டாயைக் கையில் திணித்த அதே பரம்பரைதான்! பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியைக் கிறுக்கிக் கொடுப்பார். இறங்குகிற அவசரத்தில் நாம் மறந்துவிட, அவர் மறக்காமல் மறந்துவிடுவார். தலைமுறை தலைமுறையாக நம்மைப் படுத்திய இந்தச் சில்லறைப் பஞ்சத்தைத் தீர்த்து வைத்தது ஒரு சின்ன அட்டை. அதில் கறுப்பும் வெள்ளையுமாக, எறும்பு மையில் விழுந்து எழுந்து ஓடினாற்போல ஒரு கட்டம். ஜப்பானில் டென்ஸோ வேவ் கம்பெனியின் மஸாஹிரோ ஹாரா, கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக 1994-ல் கண்டுபிடித்தது. நம்ம ஊரில் அது இளநீர் வண்டியில் தொங்கும் என்று மனுஷர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

யு.பி.ஐ. பிறந்தது 2016 ஏப்ரல் 11. ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் துவக்கி வைத்தார். அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானதும், ஏ.டி.எம். க்யூவில் கால் கடுக்க நின்ற ஜனங்கள் செல்போனைத் தடவ ஆரம்பித்தார்கள். 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் யு.பி.ஐ. வழியாகப் பணம் கை மாறியது இரண்டாயிரம் கோடித் தடவைக்கும் மேல்!

இவ்வளவுக்கும் பிறகு எல்லா ஆபீஸிலும் ஒரு ஆசாமி இருக்கிறார். ஒண்ணாம் தேதி சம்பளம் விழுந்தவுடன் ஏ.டி.எம்.முக்கு ஓடி, சுரண்டி எடுத்துக்கொண்டு வந்து பீரோவில் வைப்பவர். "என் காசு என் கண்ணுக்குத் தெரியணும் சார். அது பாட்டுக்குக் காத்துல போறது, காத்துல வர்றது... எனக்கு ஆகாது." அவரை நாம் கேலி செய்கிறோம். ஆனால் அவருக்கு எதிர் ஸீட்டில், எந்த மெஸேஜ் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற ஒரு சூரன் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், பணத்தைக் கோட்டை விடுவதில் அவன்தான் முதல் ஆளாக இருப்பான். முன்னவர் யந்திரத்துக்குப் பயப்படுகிறார். பின்னவன் எதற்குமே பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது போனில் இனிக்க இனிக்கப் பேசுகிற குரலுக்கு!

மூணு முடிச்சு

யந்திரம் அப்படியொன்றும் ஏமாளி இல்லை. போனில் புதிதாக ஒரு யு.பி.ஐ. ஆப் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். ஒன்றரை ரூபாய் வேஸ்ட் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். அந்த எஸ்.எம்.எஸ்.தான் முதல் முடிச்சு. வங்கியில் பதிந்த நம்பர் இதே சிம்தான், அந்த சிம் இருப்பது இதே போனில்தான் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. உங்கள் பாஸ்வேர்டு தெரிந்தாலும், இன்னொருத்தன் தன் போனில் உங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டாவது முடிச்சு, டெபிட் கார்டு. கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி தேதி, வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. மூன்றும் சேர்ந்தால்தான் புது ரகசிய நம்பர் அமைக்க முடியும். (கார்டு இல்லாதவர்கள் ஆதார் வழியாகவும் அமைக்கலாம்.) மூன்றாவது முடிச்சு அந்த ரகசிய நம்பரேதான். நாலு எண், அல்லது ஆறு எண். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதது. வங்கி மானேஜருக்குக்கூட!

இந்த மூன்றையும் உடைக்கத் திருடனுக்கு ஒரே வழிதான் இருக்கிறது. நம்மை விட்டே அவிழ்க்கச் சொல்வது! "சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் படிங்க" என்பது இரண்டாவது முடிச்சு. "இந்த எஸ்.எம்.எஸ்.ஸை அப்படியே இந்த நம்பருக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க" என்பது முதல் முடிச்சு. "ஒரு ஆப் போடுங்க, உங்க ஸ்க்ரீனைப் பார்த்தே சரி பண்ணிடறேன்" என்றால் மூன்றுக்கும் சேர்த்து அடிபோடுகிறான் என்று அர்த்தம்.

பீரோ விற்ற கதை

ஒன்றே ஒன்றை மட்டும் மனசில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய நம்பர். வாங்குவதற்குக் கிடையவே கிடையாது. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வதும் அப்படித்தான். டீக்கடைக்காரர் உங்களிடம் காசு வாங்கும்போது எதையாவது ஸ்கேன் செய்கிறாரா? சும்மா உட்கார்ந்திருக்கிறார், ஸ்பீக்கர் கத்துகிறது!

பழைய பீரோ விற்பனைக்கு என்று நெட்டில் விளம்பரம் கொடுக்கிறீர்கள். உடனே ஒருத்தன் பேசுவான். பேரமே பேச மாட்டான், அப்போதே நமக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும். "அட்வான்ஸ் அனுப்பறேன் சார். ஒரு கோட் வரும், ஸ்கேன் பண்ணி நம்பர் போட்டீங்கன்னா உங்களுக்குப் பணம் வந்துடும்." போட்டால் போகும், அவ்வளவுதான். 'பணம் தருக' என்று ஒரு கேட்பு அனுப்பி, வருவதாக நினைக்க வைத்து ஏமாற்றுவதும் ஏகமாக நடந்தது. அதனால் 2025 அக்டோபர் 1-லிருந்து, தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அப்படிக் கேட்பு அனுப்பும் வசதியையே என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. க்யூ.ஆர். வித்தை மட்டும் பாக்கி இருக்கிறது.

இன்னொரு ரகம் அழுமூஞ்சி. "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பத்தாயிரத்தைத் தப்பா உங்களுக்கு அனுப்பிட்டேன்ணே..." உங்கள் போனிலும் 'பத்தாயிரம் வரவு' என்று எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். அது வங்கி அனுப்பியதல்ல, அவனே டைப் அடித்தது. கணக்கைத் திறந்து பாலன்ஸைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், 'உங்க பேங்க்ல சொல்லி வாங்கிக்கப்பா' என்று சொல்லிவிடலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கரண்ட் பில் கட்டவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவோம் என்று மிரட்டுவது, வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவன் கல்யாணப் பத்திரிகை அனுப்புவது (பெயர் முடியும் இடத்தில் ஏ.பி.கே. என்றிருந்தால் அது பத்திரிகை இல்லை, போனுக்குள் புகுகிற ஆப்), போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று உறுமுவது... எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இல்லவே இல்லை.

சரி, ஏமாற்று எதுவும் இல்லாமலே காசு நடுவழியில் நின்றுவிட்டால்? 'போச்சு' என்கிறது உங்கள் போன். 'வரலியே' என்கிறார் மளிகைக்கடை அண்ணாச்சி. பின்னால் க்யூ நிற்கிறது. முறைக்கிறார்கள். இதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. ஆளுக்கு ஆள் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்கு என்றால் ஐந்து நாளுக்குள், பணம் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் வங்கி நமக்குத் தண்டம் அழ வேண்டும்! எத்தனை பேர் கேட்டு வாங்கினோம்? 'கஸ்டமர் கேர்' நம்பரை நெட்டில் தேடாதீர்கள், அங்கேயும் திருடனே நம்பர் போட்டு வைத்திருப்பான். ஆப்புக்குள்ளேயே புகார் கொடுக்க இடம் இருக்கிறது.

திருட்டே போய்விட்டால் முதல் காரியம் 1930-க்கு போன். வீட்டில் திட்டுவார்களே, ஆபீஸில் சிரிப்பார்களே என்று ராத்திரி பூரா புரண்டுவிட்டுக் காலையில் செய்தால், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டி எங்கேயோ ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்திருக்கும். சீக்கிரம் சொன்னால் பாதியிலேயே முடக்க வாய்ப்புண்டு. அடுத்த காரியம், வங்கிக்குப் புகார் கொடுத்து நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு, உங்கள் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை என்ற பட்சத்தில், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை என்றது. நீங்களே ஓ.டி.பி.யை ஒப்பித்திருந்தால், புகாருக்கு முன்னால் போனது உங்கள் தலையில், பின்னால் போவது வங்கி தலையில். எப்படிப் பார்த்தாலும் வெட்கத்தை ஓரம் கட்டிவிட்டு அந்த நிமிஷமே சொல்வதுதான் லாபம்.

பீரோக்கார நண்பருக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். சம்பளம் வருகிற கணக்கை யு.பி.ஐ.யில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மினிமம் பாலன்ஸ் கேட்காத வங்கியாகப் பார்த்து இன்னொரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ அதில் போட்டு, அதை மட்டும் போனில் இணையுங்கள். போனால் அந்த வாரக் காசுதான் போகும், அப்பா அம்மா வைத்தியத்துக்கு வைத்தது போகாது. இதில் இன்னொரு சௌகரியம், புதன்கிழமையே கணக்கு காலியானால் எவ்வளவு டீ, எவ்வளவு பிரியாணி என்று உறைக்கும். ஸ்கேன் பண்ணும்போது நோட்டு குறைவது கண்ணில் படாததால், செலவு கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போகிறது.

பாலன்ஸை ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் பார்க்கலாம் என்று 2025 ஆகஸ்டிலிருந்து வரம்பு கட்டிவிட்டார்கள். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் ஐம்பது தடவை பார்க்க அதில் என்ன சார் இருக்கிறது?

அதற்காகப் பர்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 இரண்டு நாளும் யு.பி.ஐ.யே தேசம் முழுக்கப் படுத்துக்கொண்டது. சாப்பிட்டு முடித்து கை கழுவியவர்கள் கல்லாவைப் பார்த்து அசடு வழிந்தார்கள். மாவாட்ட ஆட்டுக்கல்லும் இப்போது ஹோட்டலில் இல்லை! ஐந்நூறு ரூபாயை நூறு நூறாக மாற்றி பர்ஸின் உள்ளறையில் செருகி வையுங்கள்.

இத்தனையும் கற்றுக்கொண்ட ஒரு நண்பர் ஊரிலிருக்கும் தன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். ரிடையரான தலைமைக் குமாஸ்தா. பென்ஷன் கணக்கைத் தொடாமல், தனியே ஆயிரம் ரூபாயோடு ஒரு கணக்கு. பெரியவர் பையனுக்கு ஒரு ரூபாய் அனுப்பினார். ஸ்பெல்லிங் உட்பட பெயரைச் சரிபார்த்து, நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டார். உடனே போன்.

"வந்துதாடா?"

"வந்துடுச்சுப்பா."

"சரி, அதைத் திருப்பி அனுப்பு. கணக்கு டேலி ஆகணும்."