வீட்டு வைஃபை தடைப்பட்டால் செய்ய வேண்டியவை

தோட்ட மக்களின் வாழ்வில் இணையம் இன்று பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, அரசாங்க உதவிக்கான விண்ணப்பம் ஆகிய பலவும் அதன் வழியே நடைபெறுகின்றன. 2020ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது, பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் கற்க நேர்ந்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உழைத்துப் பெற்ற பணத்தில் மாதந்தோறும் கட்டணம் செலுத்தியும் இணையம் சரிவரக் கிடைக்கவில்லையெனில், அதன் காரணத்தை ஓரளவு நாமே கண்டறிய இயலும்.

மங்கில் பால் குறைந்தால் அனுபவமுள்ள தொழிலாளி உடனே மரத்தைக் குறை கூறுவதில்லை. வெட்டு சரியாக உள்ளதா, கத்தி கூராக உள்ளதா, பால் வழியில் சிந்துகிறதா என ஒவ்வொன்றாக ஆராய்கிறார். இணையத்திற்கும் இம்முறையே ஏற்றது.

இணையம் நம்மை வந்தடைய இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, நிறுவனத்திலிருந்து வீடு வரை வரும் கம்பி அல்லது கண்ணாடி இழை. இரண்டாவது, வீட்டிலுள்ள ரௌட்டர் என்னும் கருவியிலிருந்து கைப்பேசிக்கு வரும் வானொலி அலை. இவ்விரண்டாவது பாதையையே வைஃபை என்கிறோம். பழுது எப்பாதையில் உள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கைப்பேசியை ரௌட்டரின் அருகே கொண்டு சென்று பாருங்கள். அங்கு நன்றாக வேலை செய்து, சமையலறையில் மட்டும் தடுமாறினால், குறை அலையில்தான். அருகிலிருந்தும் எந்தக் கைப்பேசியிலும் இணையம் கிடைக்காவிடின், வெளிப் பாதையிலோ ரௌட்டரிலோ பழுது இருக்கலாம். கண்ணாடி இழைப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். அதனை நிறுவனமே சீர்செய்ய வேண்டும். ஒரே ஒரு கைப்பேசியில் மட்டும் தடை ஏற்பட்டால், அதில் பதிவாகியுள்ள வைஃபை இணைப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மீண்டும் இடுவது பெரும்பாலும் பயன் தரும்.

அடுத்து, ரௌட்டரின் மின்னிணைப்பைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள். அது முழுமையாக இயங்கச் சில நிமிடங்கள் ஆகும். கருவியின் பின்புறம் சிறு துளைக்குள் இருக்கும் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டா. அதனை நீண்ட நேரம் அழுத்தினால் நிறுவனம் பதிந்து கொடுத்த அமைப்புகள் யாவும் அழிந்துவிடக்கூடும்.

ரௌட்டரை வைக்கும் இடமும் முக்கியமானது. இரும்பு அலமாரி, தகரத் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கனத்த சுவர் ஆகியவை அலையைத் தடுக்கும். ஆகவே, அதனை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைத்தல் நலம். பெரும்பாலான ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் வலுக் குன்றும்.

வரிசை வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. பக்கத்து வீடுகளின் ரௌட்டர்கள் ஒரே தடத்தில் இயங்கினால் அலைகள் ஒன்றையொன்று இடறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதாதவை. அண்டை வீட்டார் கலந்து பேசி, ஆளுக்கொரு தடத்தைத் தேர்ந்தெடுத்தால் அனைவருக்கும் நன்மை. இதற்கான அமைப்புப் பக்கத்தின் முகவரி கருவியின் அடியிலுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பல கருவிகளில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆகும். வீட்டு வைஃபையில் இணைந்தபடியே அதனைக் கைப்பேசியின் உலாவியில் இட வேண்டும்.

அதே பக்கத்தில் பாதுகாப்பையும் கவனியுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூ.இ.பி. முறையை எளிதில் உடைக்கலாம் என்பது 2001ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. வைஃபைக்கும் அமைப்புப் பக்கத்திற்கும் வெவ்வேறு கடவுச்சொற்களை வையுங்கள். கடவுச்சொல் ஊரெங்கும் பரவினால் இணையத்தின் வேகம் குறையும். பிறர் செய்யும் தீச்செயலுக்கு நம் இணைப்பின் மீதே ஐயம் எழவும் கூடும்.

இடி மின்னலுக்கு அறிகுறி தெரிந்தவுடன் ரௌட்டரின் மின்னிணைப்பையும், தொலைபேசிக் கம்பி இருப்பின் அதனையும் கழற்றி விடுங்கள். மின்னல் தொடங்கிய பின் அவற்றைத் தொடாதிருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து பயனில்லையெனில் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். தடை ஏற்பட்ட நாள், நேரம், விளக்குகளின் நிறம், செய்து பார்த்த சோதனைகள் ஆகியவற்றைக் கூறிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தீர்வு காணாவிடின், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். கட்டணம் செலுத்துவோர் செம்மையான சேவையைக் கோருவது சலுகையன்று, உரிமையே ஆகும்.