சங்கத்தின் சொந்தச் சர்வரும் அதன் சாவிகளும்

சேலைகளின் விவரத்தையும் விளைபொருளின் விலையையும் சங்கமே தனது சொந்த வலைத்தளத்தில் வெளியிட வேண்டும் என்னும் ஆவல் அங்கத்தினர் சிலரிடம் இன்று காணப்படுகிறது. பிறர் கடையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி நிற்பதைவிடத் தனக்கென ஒரு கடை வைத்துக்கொள்வது கூட்டுறவுக்கு ஏற்ற காரியமே. ஆயினும், கடை வைப்பது ஒரு பிற்பகலில் முடியும்; அதைக் காப்பது ஆண்டு முழுவதும் உள்ள வேலை என்பதை நிர்வாகக் குழுவினர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

சர்வர் என்றதும் ஹோட்டலில் பரிமாறுபவர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. கேட்டவர்க்குக் கேட்டதை உள்ளேயிருந்து எடுத்து வந்து வைப்பதே இதன் தொழிலும். இரவும் பகலும் இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினி, அதில் லினக்ஸ், அதன்மேல் 1995-இல் வெளிவந்த அப்பாச்சி, அல்லது 2004-இல் வெளிவந்த என்ஜினெக்ஸ். இம்மென்பொருள்கள் விலையின்றிக் கிடைப்பவை. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊராயின், கணினியை மாத வாடகைக்கு எடுப்பதே மேல்.

இக்கணினிக்கு 65,535 வாயில்கள் உண்டு. வலைப்பக்கம் காட்டுவதற்கு வேண்டியவை 80, 443 என்னும் இரண்டே. தொலைவிலிருந்து நிர்வகிப்பவர் உள்ளே செல்ல 22 என்னும் வாயில் ஒன்று. ஏனையவற்றை ஃபயர்வால் என்னும் தடுப்பால் அடைத்துவிட வேண்டும். தொல்லை மிகுந்தது 22-ஆம் வாயிலே. சர்வர் இணையத்தில் தோன்றிச் சிறிது நேரத்துக்குள்ளாகவே, எங்கெங்கோ ஓடும் தானியங்கி நிரல்கள் வந்து 'ரூட்', 'அட்மின்' என்னும் பெயர்களில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். 'நமது சங்கம் சிறியது, நம்மை நாடி யார் வரப்போகிறார்கள்?' என்று கேட்பவர் உண்டு. அந்நிரல்கள் சங்கத்தின் பெருமையை விசாரித்து வருவதில்லை. திறந்த கதவு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வருகின்றன.

ஆகவே, ரூட் என்னும் பெயரில் நேரே நுழைவதை நிறுத்துக. கடவுச்சொல்லால் நுழைவதையே நீக்கி, எஸ்.எஸ்.எச். சாவிகளை ஏற்படுத்துக. இச்சாவிகள் இணையாக உண்டாவன. பொதுச்சாவி பூட்டுப் போலச் சர்வரில் கிடக்கும். தனிச்சாவி உரியவர் கையை விட்டு அகலாது. நிர்வகிப்பவர் இருவராயின் இருவருக்கும் வெவ்வேறு சாவி வேண்டும். ஒருவர் விலகும்போது அவருடைய பூட்டை மட்டும் எடுத்துவிடலாம். புதிய சாவியால் உள்ளே செல்ல முடிகிறதா என்று பார்த்த பின்னரே பழைய வழியை அடைக்க வேண்டும். இல்லையேல் நமது வீட்டுக்கு வெளியே நாமே நிற்க நேரும்.

மென்பொருளில் குறை காணப்படுந்தோறும் அதைத் தயாரிப்போர் திருத்தம் வெளியிடுகின்றனர். அதை உடனே ஏற்றாததன் விளைவை அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் கண்டது. மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் பெரு நிறுவனம் அது. அங்கு வழங்கிய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின் (மேலே கூறிய அப்பாச்சி வேறு) குறைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏற்றவில்லை. மே மாதத்தில் திருடர் நுழைந்தனர். போக்குவரத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தமையால் அது குருடாகக் கிடந்தது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்த பின்னரே களவு கண்ணில் பட்டது. ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் அதற்குள் போய்விட்டன. பணமும் ஆட்களும் நிறைந்த இடத்திலேயே இந்நிலை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும்படி உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் அமைக்கலாம். சிறு சங்கத்துக்கு அதுவே தகும்.

வருபவருக்கும் சர்வருக்கும் இடையே செல்வதை மறைத்துக் காக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 இறுதி முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அப்போது அதற்கு விதித்த ஆயுள் 90 நாட்கள். இத்துறையினர் 2025-இல் செய்த முடிவின்படி, எவர் வழங்கும் சான்றிதழாயினும் 2029-இல் அதிக அளவு 47 நாட்களே செல்லும். நாட்காட்டியில் குறித்து வைத்துப் புதுப்பிக்கும் வழக்கம் இனி உதவாது. சர்ட்பாட் போன்ற நிரலிடம் அவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

அங்கத்தினரின் சேமிப்பு, கடன் ஆகிய கணக்குகளை இந்தச் சர்வரில் வைத்தல் கூடவே கூடாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். ஊரார் வந்து போகும் கடைக்குள் பேரேட்டை எவரும் விரித்து வைப்பதில்லை. தளத்தின் பிரதியை வேறோர் இடத்தில் வைப்பதும், அதிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்து பார்ப்பதும் அவசியம்.

சங்கத்தைத் தணிக்கை செய்வோர் இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் என்று முதலில் கேட்பது வழக்கம். சர்வருக்கும் அக்கேள்வி உண்டு. தளத்தின் பெயரை ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தமது பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிட்டு, பிறகு வேறு ஊருக்கு உத்தியோகம் பெற்றுச் சென்றால், ஆண்டுக் கட்டணத்துக்கான அறிவிப்பு அவருக்கே செல்லும். கட்டணம் கட்டப்படாவிடில் அப்பெயரைப் பின்னர் எவரும் வாங்கிக்கொள்ளலாம். பதிவு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். காரியதரிசி மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் முத்திரை, ரசீதுப் புத்தகம் ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் இதையும் எழுதிக் கையொப்பம் பெறுக.