பழைய சோடா மெஷின்: கூலிங் ஆகுதான்னு முதல்ல கேக்காதீங்க

அமெரிக்காவில் சோடா என்றால் நம்மூர் கோலி சோடா இல்லை. கோலா, ஆரஞ்சு, லெமன் என்று கேஸ் ஏற்றிய எல்லா கலரும் சோடாதான். 1950களில் இங்கே பெட்ரோல் பங்க், முடிதிருத்தும் கடை, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் கண்ணாடி பாட்டில் தரும் சிவப்பு இரும்பு மெஷின்கள் நின்றன. அவற்றின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். காசு போட்டால் உள்ளே என்னவோ உருண்டு, தட்டி, ஒரு முடிவுக்கு வருதே, அந்தச் சத்தம்! ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு அட்டை வாங்கிய வயதிலிருந்தே இருக்கிற வியாதி.

நாலு வருடம் முன்பு ஒன்று வாங்கினேன். வெண்டோ 81. கன்சாஸ் சிட்டியில் இருந்த வெண்டோ கம்பெனியின் தயாரிப்பு. 81 பாட்டில் பிடிக்கும் என்பதால் அந்தப் பெயர். பளபளவென்று சிவப்பு பெயின்ட். "முழுசா ரெஸ்டோர் பண்ணது" என்றார் விற்றவர். நான் கேட்டது ஒரே கேள்வி: கூலிங் ஆகுதா? ப்ளக்கைச் சொருகிக் காட்டினார். ஆச்சு. 2,800 டாலர் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது கோடையில் கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் கார் டிங்கரிங்கில் பூசுகிற பட்டி. "ஏங்க, இந்தக் காசுக்கு ரெண்டு புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாமே" என்றாள் மனைவி. பதில் இல்லை.

நான் கேட்ட கேள்விதான் தப்பு. கூலிங் என்பது இந்த மெஷினில் சுலபமாக மாற்றக்கூடிய பகுதி. அடியில் ஒரு கம்ப்ரஸர், சுருள் குழாய், ஃபேன். சாதாரண ஃப்ரிட்ஜ் வேலைதான். தெரிந்த மெக்கானிக் புது யூனிட்டே உட்கார வைத்துவிடுவார். கதவு ரப்பர், ஸ்டிக்கர் எல்லாம்கூட இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் எழுத்து புடைத்து நிற்கும்படி அச்சில் அழுத்திய அந்தக் கதவுத் தகடு போனால், இன்னொரு செத்த மெஷினிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

துரு ஏன் கீழேயே பிடிக்கிறது? வெளித்தகடுக்கும் உள்தொட்டிக்கும் நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருப்பார்கள். ரப்பர் கெட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே புகும். குளிர்ந்த தொட்டிச் சுவரில் பட்டு நீராகும். பஞ்சு அதைக் குடித்து மெதுவாகக் கீழே இறக்கும். அதனால் இரும்பு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே பெயின்ட் அழகாகவே இருக்கும். பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். கதவின் அடிப்பகுதி, மூலைகள் எல்லாம் காந்தத்தை ஓட்டுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே பட்டி. கீழே படுத்து அடித்தகட்டையும் பாருங்கள். சட்டை அழுக்காவதற்குத் தயங்கினால் என் கதைதான். புது பெயின்டை விட வெளுத்துப்போன பழைய பெயின்டே எனக்கு இப்போது நம்பிக்கை தருகிறது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை உலர் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள்.

அடுத்தது காசு வாங்கும் பகுதி. எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரன்ட், சென்ஸர் எதுவுமில்லாமல் நல்ல காசையும் போலி வில்லையையும் இது பிரிக்கிறது. முதலில் அளவு: சின்ன வில்லை கீழே நழுவிவிடும். அப்புறம் எடை: ஒரு சின்னத் தொட்டில், சரியான கனம் இருந்தால்தான் சாயும். கடைசியில் காசு ஒரு காந்தத்தைக் கடந்து உருள்கிறது. இரும்பு வாஷர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மற்ற பெரும்பாலான உலோகங்கள் ஒட்டாது. ஆனால் ஓடும்போது உள்ளே சுழல் மின்னோட்டம் உண்டாகி வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பது அந்த உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. ரொம்ப மெதுவாக வந்த காசு முன்னாலேயே விழும், ரொம்ப வேகமாக வந்தது தாண்டிப் போகும். சரியான வேகத்தில் வந்ததுதான் பாட்டிலைத் திறக்கும். மொத்தத்தில் மூன்று இஃப் கண்டிஷன், தகரத்தில் எழுதியது.

இந்தத் தகரம் ஒரு நாட்டின் நாணயத்தையே இழுத்திருக்கிறது. 1886 முதல் சுமார் எழுபது வருடம் ஒரு கிளாஸ் அல்லது பாட்டில் கோக்க-கோலா ஐந்து சென்ட். விலை ஏறாததற்குக் காரணங்களில் ஒன்று, மெஷின்கள் ஒற்றை ஐந்து சென்ட் காசைத்தான் வாங்கின. அடுத்த காசு பத்து சென்ட், அதாவது விலை இரட்டிப்பு. 1953இல் அந்தக் கம்பெனி அரசிடம் ஏழரை சென்ட் காசு அடிக்கச் சொல்லியே கேட்டது! கிடைக்கவில்லை. அப்புறம் 1965இல் பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை எடுத்தபோது, நடுவில் சுத்தச் செம்பு, மேலும் கீழும் செம்பு-நிக்கல் என்று சாண்ட்விச் போட்டார்கள். எடை குறைந்தாலும் மின்கடத்தும் குணம் வெள்ளிக் காசை ஒத்திருக்க வேண்டும், பழைய மெஷின்கள் ஏமாற வேண்டும் என்பது அதில் ஒரு நோக்கம். பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டி என்று நாங்கள் ஆபீஸில் சண்டை போடுவது இதைத்தான்.

ஆக, சாவி இருக்கா, காசுப் பெட்டி இருக்கா, இந்தத் தகரக் கூடு முழுசா இருக்கா என்று பாருங்கள். காலியாக இருந்தால் விலையைப் பாதியாகக் கேட்கலாம், தப்பில்லை. பாட்டிலும் முக்கியம். அன்றைய ஆறரை அவுன்ஸ் பாட்டிலுக்குச் செய்த இடத்தில் இன்றைய மெக்சிகோ 355 மில்லி பாட்டில் அப்படியே உட்காராமல் போகலாம். கையோடு ரெண்டு பாட்டில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

மின்சாரம்: ரப்பர் உறையிட்ட பழைய வயர் நொறுங்கும், எர்த் கிடையாது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீர்கள். 1950களின் மெஷினில் பெரும்பாலும் ஆர்-12 கேஸ். இங்கே 1992 முதல் அதைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம், 1995 முடிவோடு தயாரிப்பும் நின்றது. ஓடுகிற யூனிட் என்றால் கை வைக்காதீர்கள். படுக்க வைத்து வண்டியில் கொண்டுவந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டுத்தான் ஆன் செய்யணும். எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பி இறங்க வேண்டும்.

போன மாதம் ஒஹாயோவில் ஒரு பெரியவரின் தானியக் கொட்டகையில் இன்னொரு 81. பாதி வெளுத்த சிவப்பு, கதவில் ஒரு நசுங்கல். "கூலிங் ஆகாது தம்பி, முன்னாடியே சொல்லிடறேன்" என்கிற மாதிரி அவர் இங்கிலீஷில் சொன்னார். நான் சட்டையோடு தரையில் படுத்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. அடித்தகட்டில் எலிப்புழுக்கை, தூசி, மேலோட்டமான துரு. காந்தம் எல்லா மூலையிலும் டக்கென்று பிடித்தது.

பத்து சென்ட்டுக்கு மாற்றிய மெஷின் அது. பையில் மூன்று தயாராக வைத்திருந்தேன்: 1964ஆம் வருட வெள்ளிக் காசு, புதுக் காசு, ஒரு இரும்பு வாஷர். வெள்ளி உள்ளே போனது, டணக். புதுசும் அதே சத்தத்தோடு போனது. வாஷர் காந்தத்தில் மாட்டிக்கொண்டது. திருப்பித் தரும் நெம்பை அழுத்தியதும் கீழே கக்கியது.

900 டாலருக்கு முடித்தோம். கம்ப்ரஸர் அடுத்த வாரம் வருகிறது. மனைவியிடம் விலையை மட்டும் சொல்லியிருக்கிறேன், கம்ப்ரஸரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.