மயிரற்ற இலையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

மாதுங்காவில், இந்திய மத்தியப் பருத்திக் குழு 1924ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சிக்கூடம், மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இன்றும் இயங்கி வருகிறது. அவ்வழியே செல்லுந்தோறும் 'கிளாப்ரஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடை நம் நினைவுக்கு வருவதுண்டு.

உழவர்க்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது, 'கிளாப்ரஸ்' இலையுடைய பருத்தியைத் தத்துப்பூச்சி எளிதில் தாக்கும் என்ற வாக்கியம் எதிர்ப்பட்டது. 'பளபளப்பான இலை' என்று எழுதிவிட்டோம். தாராவியில் வாழும் முதியவர் ஒருவர், இளமையில் திருநெல்வேலிக் கரிசலில் பருத்தி எடுத்தவர், அதைக் கேட்டுச் சிரித்தார். "மழை பெய்தால் எல்லா இலையும் பளபளக்குமே, ஐயா! எதை விதைக்கலாம், எதை விடலாம் என்று சம்சாரி எப்படி அறிவான்? சுணை இல்லாத இலை என்று எழுதுங்கள்" என்றார். அவ்வாறே திருத்தினோம்.

அச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'கிளாபர்'. மயிரற்றது, வழுக்கையானது என்பது அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்திற் புகுந்தது. 'மகிழ்ச்சியான' எனப் பொருள்படும் 'கிளாட்' என்பதும் இதற்கு உறவே. பழைய ஆங்கிலத்தில் அது ஒளிர்வதைக் குறித்தது. புருவங்களின் நடுவே நாம் பொட்டிடும் இடத்தை மருத்துவர்கள் 'கிளாபெல்லா' என்பதும் இவ்வேரிலிருந்தே. அதிமதுரத்திற்குத் தாவர நூலார் இட்ட பெயரில் வரும் 'கிளாப்ரா'வும் இதுவே. முதலில் மயிர் இருந்து, முதிர முதிர உதிர்ந்துபோகும் பரப்பிற்கு 'கிளாப்ரெஸ்சென்ட்' என்று வேறொரு சொல் உண்டு. நாற்பதைக் கடந்த நமக்கு அதன் பொருளை விளக்க அகராதி வேண்டியதில்லை.

ஆகவே இச்சொல் பளபளப்பையோ வழுவழுப்பையோ குறிப்பதன்று. மயிரில்லாத இலை சொரசொரப்பாகவும் இருத்தல் கூடும்.

பருத்தியில் இவ்வேறுபாடு விளைச்சலையே பாதிக்கும். தத்துப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். நரம்புகளில் முட்டையைச் செருகும். அடர்ந்த மயிர் இவ்விரண்டிற்கும் தடையாகும். மயிரற்ற இலையிலோ ஓரங்கள் மஞ்சளித்துச் சிவந்து சுருளும். எனினும் அவ்விலைக்குச் சாதகமும் இல்லாமல் இல்லை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மயிருள்ள பரப்பையே விரும்புவதால், இதில் குறைவாகவே முட்டையிடும். சருகுத் துணுக்கு பஞ்சில் அதிகம் ஒட்டாமல் வருவதால் ஆலைக்காரர்க்கும் இது உகந்தது. இக்காரணங்களாலேயே ஆராய்ச்சியாளர் மயிரற்ற வகைகளையும் நாடினர்.

ஐயமிருப்பின், இளம் இலை ஒன்றைப் பறித்து, அடிப்புறம் தெரியுமாறு மடித்து, மடிப்பின் விளிம்பை வெயிலுக்கெதிரே பிடித்துப் பாருங்கள். மயிர் இருந்தால் அவ்விளிம்பில் நுண்ணிய வெண்ணிழைகளாகத் தெரியும்.