உறக்கநிலைப் புல்தரைகளில் குளிர்காலக் களைக் கட்டுப்பாடு

உறக்கநிலைப் புல்தரைகளில் குளிர்காலக் களைக் கட்டுப்பாடு என்பது, வெப்பக்காலப் புல் வகைகள் குளிரில் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பு நிறமாக இருக்கும் மாதங்களில், அவற்றின் இடையே பசுமையாக வளரும் களைகளைக் களைக்கொல்லிகள் கொண்டு அழிக்கும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் வீட்டுப் புல்வெளிகள், விளையாட்டுத் திடல்கள், கோல்ஃப் திடல்கள் ஆகியவற்றில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது.

புல்லின் உறக்கநிலை

பெர்முடா புல், சோய்சியா, சென்டிபீட் புல், செயின்ட் அகஸ்டின் புல் ஆகியவை முக்கியமான வெப்பக்காலப் புல் வகைகள். இவை கோடையில் செழித்து வளரும். மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது வளர்ச்சி நின்று, இலைகள் பச்சையத்தை இழக்கின்றன. ஆனால் புல் இறந்துவிடுவதில்லை. மண்ணுக்கு அடியில் உள்ள மட்டநிலத்தண்டுகளிலும், தரையோடு படர்ந்த ஓடுதண்டுகளிலும் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு வசந்தகாலத்தில் மீண்டும் துளிர்க்கிறது.

பெர்முடா புல் என அமெரிக்கர் அழைப்பது நம் ஊர் அருகம்புல்லே (சைனோடான் டாக்டைலான்). தமிழகச் சமவெளிகளில் மண் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால் அங்கு அது இத்தகைய உறக்கநிலைக்குச் செல்வதில்லை. எனவே இக்கட்டுரையில் கூறப்படும் சிக்கல் குளிர்காலத்தில் உறைபனி விழும் இடங்களுக்கே உரியது.

குளிர்காலக் களைகள்

இக்களைகளில் பல ஓராண்டுத் தாவரங்கள். இலையுதிர் காலத்தில் மண் குளிரத் தொடங்கும்போது முளைத்து, குளிர்காலம் முழுவதும் சிறிய செடியாக இருந்து, வசந்தத்தில் பூத்து விதை உதிர்த்து, கோடை வெயிலில் மடிகின்றன. இவற்றுள் மிகவும் தொல்லை தருவது போவா அன்னுவா என்னும் புல்வகைக் களை. மண் வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகைக்குக் கீழே வந்ததும் இது முளைக்கத் தொடங்கும். மிகக் குட்டையாக வெட்டினாலும் விதை பிடிக்கும் இயல்புடையது. லாமியம், ஸ்டெல்லாரியா, முட்கள் கொண்ட காய்களையுடைய சோலிவா போன்றவை அகன்ற இலைக் களைகள்.

பழுப்புத் தரையில் பச்சைத் திட்டுகளாகத் தெரிவது மட்டும் இவற்றின் கேடு அன்று. வசந்தத்தில் துளிர்க்கும் புல்லுடன் ஒளி, நீர், ஊட்டம் ஆகியவற்றுக்குப் போட்டியிட்டு அதன் மீட்சியைத் தாமதப்படுத்துகின்றன. பின்னர் இவை மடியும்போது உண்டாகும் வெற்றிடங்களில் கோடைக்காலக் களைகள் குடியேறுகின்றன.

முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லிகள்

இவை விதை முளைப்பதற்கு முன்பே மண்ணின் மேற்பரப்பில் ஒரு படலமாக இருக்க வேண்டும். ஆகவே இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே தெளித்து, சிறிது நீர் பாய்ச்சி மண்ணில் இறக்குவர். புரோடையமின், பெண்டிமெத்தலின் ஆகியவை இளவேரின் செல்பிரிவைத் தடுக்கின்றன. இண்டாசிஃபிளாம் செல்சுவருக்கான செல்லுலோசு உருவாவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே முளைத்து வளர்ந்த செடிகளைப் புரோடையமினும் பெண்டிமெத்தலினும் கொல்லா. எனவே காலம் தவறித் தெளித்தால் பணமும் உழைப்பும் வீணாகும்.

முளைத்த பின் தெளிக்கும் களைக்கொல்லிகள்

அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி, டைகாம்பா போன்ற, தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைப் போலச் செயற்படும் மருந்துகள் பயன்படுகின்றன. சிமசின், அட்ரசின் ஆகியவை ஒளிச்சேர்க்கையைத் தடுத்து, போவா அன்னுவாவையும் பல அகன்ற இலைக் களைகளையும் கட்டுப்படுத்துகின்றன. டிரைஃபிளாக்சிசல்ஃபியூரான் போன்ற சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் அமினோ அமில உருவாக்கத்தைத் தடுக்கின்றன. இவற்றின் விளைவு தெரியச் சில வாரங்கள் ஆகும்.

புல்லின் உறக்கநிலையையே பாதுகாப்பாகக் கொள்ளும் முறை ஒன்றும் உண்டு. கிளைபோசேட் பச்சைத் தாவரம் எதையும் தாக்கக்கூடியது. அது இலை வழியாக உட்புகுந்து வேர்வரை செல்லும். மண்ணில் விழுந்தால் மண்துகள்களோடு இறுகப் பிணைந்துவிடுவதால் வேர் வழியே உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. முழுமையாக உறங்கும் பெர்முடா புல்லில் பச்சை இலையே இல்லை. ஆகவே மருந்து புகும் வழி இல்லாமல் புல் தப்புகிறது, பசுமையாக இருக்கும் களை மட்டும் மடிகிறது.

உறக்கநிலையைச் சரிபார்த்தல்

இம்முறையின் வெற்றியும் தோல்வியும் 'முழுமையாக' என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளன. மேலிருந்து பார்க்கையில் தரை பழுப்பாகத் தெரிந்தாலும், காய்ந்த இலைகளை விலக்கிப் பார்த்தால் அடித்தண்டில் பச்சை இருக்கலாம். குளிர்கால நடுவில் சில நாட்கள் வெயில் அடித்தாலும் புல் துளிர்க்கத் தொடங்கும். அந்நிலையில் கிளைபோசேட் தெளித்தால் வசந்த மீட்சி பல வாரம் தாமதமாகலாம், புல் திட்டுத்திட்டாக இறக்கவும் கூடும். எனவே தெளிக்கும் நாளன்றே பல இடங்களில், குறிப்பாக வெயில் படும் சரிவுகளிலும் சுவரோரங்களிலும், தரையை விலக்கிப் பார்ப்பது அவசியம்.

செயின்ட் அகஸ்டின் புல்லும் சென்டிபீட் புல்லும் பெரும்பாலும் முழு உறக்கத்தை அடைவதில்லை. ஆதலால் அவற்றில் இம்முறை கூடாது. சோய்சியாவின் தண்டுகளிலும் பச்சை எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகுதி. குளிர்காலப் பசுமைக்காக ரைப் புல் விதைத்த தரையில் தெளித்தால் அந்த ரைப் புல்லும் அழியும்.

கடுங்குளிரில் களையின் வளர்ச்சியும் மந்தமாவதால் மருந்து மெதுவாகவே வேலை செய்யும். பகல் வெப்பம் 10 பாகைக்கு மேல் உள்ள, காற்றும் மழையும் இல்லாத நாளே ஏற்றது. எந்தப் புல்லுக்கு எவ்வளவு அளவு என்பதை மருந்துப் புட்டியின் விவரச்சீட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எதிர்ப்புத் திறன்

ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதைத் தாங்கும் ஒருசில செடிகள் மட்டும் பிழைத்து விதையிடும். சில ஆண்டுகளில் தரை முழுவதும் அவற்றின் வழித்தோன்றல்களே நிறைந்துவிடும். மிசூரி மாநிலத்தில் கோல்ஃப் திடல் ஒன்றில் பல ஆண்டுகள் கிளைபோசேட் தெளிக்கப்பட்ட பின், அதற்கு மடியாத போவா அன்னுவா கண்டறியப்பட்டது. பிற மருந்து வகைகளுக்கும் இக்களை எதிர்ப்புப் பெற்றுள்ளது. வணிகப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, மருந்து செயற்படும் முறையையே மாற்றிச் சுழற்சியாகப் பயன்படுத்த வேண்டும்.

சுற்றுச்சூழலும் மாற்று வழிகளும்

அட்ரசின் நிலத்தடி நீரில் கலக்கும் தன்மையுடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதன் பயன்பாட்டுக்கு அனுமதி மறுத்தது. கிளைபோசேட்டைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்னும் பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இக்கருத்தை ஏற்கவில்லை. கையுறை, முழுக்கை உடை அணிதல், நீர்நிலைகளுக்கு அருகே தெளிக்காமை ஆகியவை அடிப்படைப் பாதுகாப்பு முறைகள்.

களை முளைக்க இடமே கொடுக்காத அடர்ந்த புல்தரையே நிலையான தீர்வு. இறுகிய, ஈரம் மிகுந்த மண்ணில் போவா அன்னுவா செழிப்பதால் மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் தருதல், தேவைக்கு மேல் நீர் பாய்ச்சாமை, புல் வகைக்கேற்ற உயரத்தில் வெட்டுதல் ஆகியவை களையைக் குறைக்கும். சிறிய வீட்டுப் புல்வெளியில் விதை பிடிக்கும் முன் களையைக் கையால் பிடுங்கிவிட்டால், பல வேளைகளில் மருந்தே தேவைப்படாது.