குடியரசுத் தலைவருக்கு மதுராந்தகம் போட்ட வாக்கு

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் மக்களுக்குப் பங்கில்லை என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2022இல் தமிழ்நாடு வாக்களித்த விதத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அந்த ஆண்டு ஜூலை 18 அன்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேரும் வாக்களித்தார்கள். திமுக கூட்டணி ஆதரித்த யஷ்வந்த் சின்ஹாவுக்கு 158, அதிமுகவும் பாஜகவும் ஆதரித்த திரௌபதி முர்முவுக்கு 75, செல்லாதது ஒன்று. இதை 2021 சட்டமன்றத் தேர்தல் முடிவோடு வைத்துப் பாருங்கள். திமுக கூட்டணிக்கு 159 இடங்கள். அதிமுக 66, பாமக 5, பாஜக 4 என எதிரணிக்கு 75. செல்லாத அந்த ஒரு வாக்கைத் தவிர இரண்டும் ஒரே கணக்குதான். தலைமைச் செயலகத்தில் பதிவான முடிவை, 2021 ஏப்ரல் 6 அன்று வரிசையில் நின்ற வாக்காளர்கள் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கும் படாளத்தைச் சுற்றிப் பார்த்தாலே இது விளங்கும். மதுராந்தகம் தொகுதி 2021இல் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தது. வடக்கே செங்கல்பட்டு திமுகவையும், கிழக்கே செய்யூரும் மாமல்லபுரத்தை உள்ளடக்கிய திருப்போரூரும் விடுதலைச் சிறுத்தைகளையும் தேர்ந்தெடுத்தன. ஆகவே கட்சிகள் எடுத்த நிலைப்படி மதுராந்தகத்தின் 176 முர்முவுக்கு. மற்ற மூன்று தொகுதிகளின் 176கள் சின்ஹாவுக்கு. அது என்ன 176? 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை 234ஆல் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு கிடைக்கும். புதுச்சேரி உறுப்பினருக்கு இதே கணக்கில் 16தான் வருகிறது. தொகுதிக்குத் தொகுதி இந்த மதிப்பு மாறுவதில்லை. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டிருந்த சோழிங்கநல்லூருக்கும், அதில் பாதிகூட இல்லாத மதுராந்தகத்துக்கும் ஒரே 176. இது சமமில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் அது தொகுதிகளின் அளவு பற்றிய குறை. மக்களின் பங்கே இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இது ரகசிய வாக்கெடுப்பு. கொறடா உத்தரவு இங்கே செல்லாது. உறுப்பினர் யாருக்குப் போட்டாலும் கட்சித்தாவல் தடைச் சட்டம் பாயாது. அப்படியிருக்க, அவர் நம் வாக்கைத்தான் கொண்டுபோனார் என்று எப்படிச் சொல்வது? அசாம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் 2022இல் எதிர்க்கட்சியினர் பலர் மாறித்தான் போட்டார்கள். பாஜகவுக்கு அப்போது ஓர் உறுப்பினர்கூட இல்லாத கேரளப் பேரவையிலிருந்தும் முர்முவுக்கு ஒரு வாக்கு விழுந்தது. தமிழ்நாட்டில் அது நடக்கவில்லை. நடப்பதற்கு வாய்ப்பில்லாமலும் இல்லை. வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 11 அன்றுதான், அதிமுக பொதுக்குழு ஓ.பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. அவ்வளவு பிளவிலும் 75 என்பது 75ஆகவே நின்றது. 2017இலும் இப்படித்தான். அதிமுக பல அணிகளாகச் சிதறியிருந்த நேரத்தில் ராம்நாத் கோவிந்துக்கு 134, மீரா குமாருக்கு 98. இரட்டை இலையில் வென்ற தமிமுன் அன்சாரி மட்டும் மீரா குமாரை ஆதரித்தார். அதையும் வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் செய்தார்.

ஆனால் அந்த 2017தான் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. 2016இல் அதிமுகவுக்கு வாக்களித்தவர்கள் ஜெயலலிதாவுக்கு வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலில் பாஜக அவருக்கு எதிரே நின்ற கட்சி. ஓராண்டுக்குப் பின், அவர் மறைந்த பிறகு, அதே வாக்குகள் பாஜக நிறுத்திய வேட்பாளருக்குப் போயின. வாக்காளரை யாரும் கேட்கவில்லை. இதை மழுப்ப முடியாது. மக்களின் வாக்கு கட்சிக்கு அப்படியே போய்ச் சேருகிறது. அதற்குப்பின் எங்கே போகிறது என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதற்காக மக்களுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டுவதைவிட, அந்தப் பங்கைக் கணக்குக் கேட்பதே சரி.

நம் வாக்கால் என்ன மாறப்போகிறது என்பவர்கள் 1969ஐ நினைவுகூர வேண்டும். வி.வி.கிரி 4,20,077 வாக்கு மதிப்பும் சஞ்சீவ ரெட்டி 4,05,427ம் பெற்றனர். வித்தியாசம் 14,650. கிரியை ஆதரித்த திமுகவின் பலம் மட்டுமே இதைவிடப் பெரிது. 2022இல் தமிழ்நாட்டுப் பேரவையின் மொத்த மதிப்பு 41,184. மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் 57 பேருக்குத் தலா 700 வீதம் 39,900. இரண்டும் சேர்ந்தால் 80 ஆயிரத்தைத் தாண்டும். இந்த எடையும் நிலையானதல்ல. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரைதான் 1971 எண்ணிக்கை செல்லும் என்கிறது அரசமைப்புச் சட்டம். 2011 எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டால் தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308 ஆகும். உத்தரப் பிரதேசத்துக்கு 496. இப்போது அது 176க்கு 208. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுச் செயல்படுத்திய மாநிலம் அதற்காகவே எடை இழப்பது அநியாயம்.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டின் வாக்கைப் போடப்போவது 2026இல் அமையும் பேரவை. ரகசிய வாக்கு என்பதால் ஓர் உறுப்பினர் தன் விருப்பத்தை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. மதுராந்தகமோ, திருப்போரூரோ, உங்கள் தொகுதியின் 176 யாருக்கு, ஏன் என்று உங்கள் உறுப்பினரிடம் வாக்குப்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.