குழந்தைப் பால்பொடியில் லூட்டீன்

லூட்டீன் என்பது தாவரங்களில் காணப்படும் மஞ்சள் நிறமி. இது கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்ப்பாலில் இயல்பாகவே உள்ள இந்நிறமியைச் சில நிறுவனங்கள் குழந்தைப் பால்பொடியிலும் சேர்க்கின்றன. இதனால் குழந்தைக்கு என்ன பயன் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

உடலில் இதன் பணி

மனித உடலால் லூட்டீனை உண்டாக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். முருங்கைக்கீரை போன்ற கீரைகள், மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றில் இது உள்ளது. கீரையில் பச்சையம் மிகுதியாக இருப்பதால் இதன் மஞ்சள் நிறம் வெளியே தெரிவதில்லை. உடலுக்குள் சென்ற லூட்டீன், விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியில் சேர்ந்து நீல ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது. குழந்தைகளின் மூளையிலும் இது காணப்படுகிறது.

தாய்ப்பாலும் பால்பொடியும்

சீம்பாலின் மஞ்சள் நிறத்துக்குக் கரோட்டினாய்டுகளே காரணம். தாய் உண்ணும் கீரை, காய்கறிகளைப் பொறுத்துத் தாய்ப்பாலில் லூட்டீனின் அளவு கூடும் அல்லது குறையும். பால்பொடியில் பெரும்பாலும் சுத்திகரித்த தாவர எண்ணெய்களே கொழுப்பாகச் சேர்க்கப்படுகின்றன. சுத்திகரிப்பில் நிறமிகள் நீங்கிவிடுவதால், தனியே சேர்க்காவிட்டால் அதில் லூட்டீன் மிகக் குறைவாகவே இருக்கும்.

எடுக்கும் முறை

வணிக அளவில் லூட்டீன் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதற்காகவே இப்பூ பயிரிடப்படுகிறது. உலர்ந்த இதழ்களிலிருந்து கரைப்பான் மூலம் பிசின் போன்ற சாறு எடுக்கப்படும். அதில் கொழுப்பு அமிலங்களோடு பிணைந்துள்ள லூட்டீனைக் காரம் கொண்டு பிரித்துத் தூய்மையாக்குவர்.

பயன் எவ்வளவு?

லிட்டருக்கு 250 மைக்ரோகிராம் வரை சேர்ப்பதில் பாதுகாப்புக் குறைபாடு இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் கருத்துத் தெரிவித்தது. ஆனால் பால்பொடியிலுள்ள லூட்டீன் தாய்ப்பாலில் உள்ளதைப்போல எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் உள்ள அளவை எட்ட, பால்பொடியில் ஏறத்தாழ நான்கு மடங்கு லூட்டீன் தேவைப்படுகிறது என 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரத்தத்தில் அளவு கூடுவது ஒன்று. பார்வை மேம்படுவது வேறொன்று. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயை லூட்டீன் தடுக்குமா என்று இத்தாலியில் சோதித்தபோது, குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

பன்னாட்டு உணவுத் தர விதிகளின்படி லூட்டீன் கட்டாயப் பொருள் அன்று. எனவே, மருத்துவரின் அறிவுரைப்படி பால்பொடி கொடுக்க நேர்ந்தவர்கள், அதில் லூட்டீன் இல்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அதிக விலை கொடுக்கவும் தேவையில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால்பொடி விளம்பரங்களைத் தடை செய்துள்ளது. பாலூட்டும் தாயின் தட்டில் நாள்தோறும் ஒரு கைப்பிடி கீரை இருந்தால், அதன் லூட்டீன் பால் வழியே குழந்தைக்கும் போய்ச் சேரும்.